பாட்டுப் புத்தகத்தில் இல்லாத பெயர்கள்

டேட்டன், ஒஹாயோ
14 மே 1997

தம்பி ஹாய்ட்டுக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் என் குரலைக் கேட்டதும், குறை சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதைக் கிழித்துத்தான் போட முடியும், குறுக்கே பேச முடியாது. நலம் விசாரிப்பையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைகளுக்குப் பூ வைக்கும்போது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ வேலியோரம் நின்று கோழி வளர்க்கிறவர்களோடு கதை அளந்துகொண்டிருந்தாய். நான் எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஐந்து பூச்சட்டிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டி, எது யாருக்கு என்று சொல்லி உன் மகளிடம் கொடுத்து, "அவங்கவங்க கல்லுல வெச்சிட்டு வா கண்ணு" என்றேன். திர்சா பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அப்பாவுக்கு வாங்கிய சிவப்பு ரோஜா ஆர்லிஸ் ஹல்சியின் தலைமாட்டில் இருக்கிறது. வேலித் தகராறில் இருபது வருஷம் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாத அதே ஆர்லிஸ் ஹல்சி! முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தேவதாரு மரத்துலேர்ந்து மூணாவதுதானே அத்தை, தாத்தா? மரத்தையே காணோமே" என்றாள். மார்ச் மாதச் சூறாவளி அந்த மரத்தைக் கொண்டுபோய்விட்டது. "மரம் போனா என்ன, கல்லுல பேர் இருக்கே" என்றேன். கல்லைப் பார்த்தாள். சட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், விடை அங்கே இருக்குமா என்று. இருபத்தாறு வருஷமாகப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஹாய்ட். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

உன் மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று ஐந்து வருஷமாகச் சொல்கிறீர்கள். யார் படிக்க வைக்கிறீர்கள்? எப்போது? உன் மனைவி ஜெனெல் காலுறை மில்லில் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிறாள். நீ நாலு கொட்டகைக் கோழியோடு மல்லுக்கட்டுகிறாய். நம்பும்படியான பதிலை நீ எழுதாவிட்டால் உங்கள் மாவட்டத்தில் குழந்தைகள் நலனைப் பார்க்கிற அலுவலகத்துக்கு நான் சொல்ல வேண்டியிருக்கும். மிரட்டல் இல்லை. முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான்.

திர்சாவின் இருமல் சரியாகிவிட்டதா?

வெர்லீன்

*

24 மே

மகாராணி வெர்லீனுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். ஜெனெலும் படித்தாள். அவள் சொன்னதை எழுத முடியாது, நீ சபைக்குப் போகிறவள்.

பத்தொன்பது வயதில் மலையை விட்டு இறங்கிப் போனவள் நீ. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறாய். பூ வைக்க ஒரு தடவை, ஆகஸ்டில் பாட்டுக் கூட்டத்துக்கு ஒரு தடவை. இரண்டு தடவையும் என் வீட்டில் ஏதாவது ஒன்று கோணலாகத்தான் உன் கண்ணில் படும். போன வருஷம் கூரை. இந்த வருஷம் பிள்ளை.

சட்டம் கேட்கிற காகிதம் என்னிடம் இருக்கிறது. ஏலிம் சபைப் பள்ளி என்று போட்டு, போதகர் கையெழுத்துப் போட்டது. அதற்கு மேல் இந்த மாநிலத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நீ வேறு மாநிலம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாதாம்! ஆறு வயதிலிருந்து பாட்டுக் கூட்டத்தில் நடுச்சதுரத்தில் நிற்கிறாள். நாலு பக்கமும் நாலு குரல்கள், நடுவில் கையில் புத்தகத்தோடு இவள். முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று ஸ்வரத்துக்கொரு வடிவமாக இருக்கிற எல்லாக் குறியையும் வாசித்து, ஃபா சோல் லா என்று பாடி, பிறகு வார்த்தைகளைப் பாடி, கையை ஏற்றி இறக்கி நூறு பேரை நடத்துகிறாள். நீயும் ஆல்ட்டோ பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துத்தான் பாடினாய். அன்று மட்டும் புத்தகம் தலைகீழாகவா இருந்தது? கல்லறையில் வெயில் கண்ணில் பட்டிருக்கும். இல்லை, உன்னைக் கண்டு பயந்திருப்பாள். பயப்படாதவர் யார்?

அந்த அலுவலகத்துக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா? ஜெனெலின் ஒன்றுவிட்ட தங்கை பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரு செவ்வாய்க்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு ஊரில் வளர்கிறார்கள். காரணம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார் அதே கார்தான்.

பள்ளிக்கூடம் எனக்கு என்ன செய்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளிடமிருந்தா இந்தக் கடிதம்?

இருமல் போய்விட்டது.

ஹாய்ட்

*

டேட்டன்
2 ஜூன்

ஹாய்ட்டுக்கு,

அந்த ஆளிடமிருந்துதான். அதனால்தான்.

எட்டு வகுப்புக்கும் ஒரே அறை. உன்னை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். நீ நிற்பாய், காது சிவக்கும், அறையே சிரிக்கத் தயாராகும். உனக்குப் பின் பெஞ்சில் இருந்து நான் அந்த வரியை முணுமுணுப்பேன். நீ கேட்டுச் சொல்வாய். உன் வீட்டுப் பாடங்களை இடது கையால் எழுதிக் கொடுப்பேன், உன் எழுத்து மாதிரி கோணலாக இருக்க வேண்டுமே என்று. எட்டாம் வகுப்பு வரை நீ அப்படித்தான் வந்தாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நீ எழுத்துக்கூட்டிப் படித்தது இருபது வயதில், ராணுவத்தில். அங்கே முன்பின் தெரியாத ஒரு சார்ஜெண்ட் செய்ததை நான் எட்டு வருஷமாக யாரையும் செய்யவிடவில்லை. யாரிடமும் சொல்லாமல் உன்னைக் கெடுத்தவள் நான். இன்னொரு தடவை அப்படி வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பாட்டுப் புத்தகத்தைக் காட்டி என்னை மடக்காதே. ஆமாம், நானும் ஏமாந்தேன். மலையில் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பாடினால் அவள் படிக்கிறாள் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? குறி வேறு, எழுத்து வேறு. குறிகளை வாசிக்கிறாள். வார்த்தைகளை யாரோ பாடக் கேட்டு வைத்திருக்கிறாள். என்னை நம்ப வேண்டாம். அவள் கேட்டிராத ஒரு தாளைக் கொடுத்துப் பார். மாவு மூட்டையில் இருப்பதைப் படிக்கச் சொல்.

இன்று மதியம் அந்த அலுவலகத்தின் எண்ணைச் சுழற்றினேன். ஒரு பெண் எடுத்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்துவிட்டேன். போனை வைக்கிற உன் பழக்கம் எனக்கும் உண்டு பார்.

ஜூன் பதினைந்து வரை பொறுத்திருக்கிறேன். அதற்குள் ஒரு வரி எழுது. "பார்த்தேன், நீ சொன்னது சரி, இதைச் செய்யப் போகிறோம்" என்று ஒரே வரி. அது வராவிட்டால் மறுபடி சுழற்றுவேன், வைக்க மாட்டேன்.

வெர்லீன்

*

17 ஜூன்

அக்கா,

பதினைந்து தாண்டிவிட்டது, தெரியும். கோழிகளை ஏற்ற வண்டி வந்துவிட்டது. ஒரு வாரம் நாங்கள் மனிதர்களாக இல்லை. அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு எழுதக் கை வரவில்லை.

மாவு மூட்டையைக் காட்டினேன். தெரியவில்லை. செய்தித்தாளைக் காட்டினேன். தெரியவில்லை. ஜெனெல் அவள் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதை மட்டும் கடகடவென்று சொன்னாள். இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டு, திறந்திராத பக்கத்தையும் சேர்த்துச் சொன்னாள். ஜெனெல் முதல் தடவை படித்துக் காட்டியதையெல்லாம் அப்படியே மனதில் வைத்திருக்கிறாள். ஐந்து வருஷம். ஜெனெல் அடுப்படியில் போய் நின்று அழுதாள். "வேலைக்குக் கிளம்பற அவசரத்துல ஒரு தடவை படிச்சுக் காட்டுவேன், டக்குனு சொல்லிடுவா, எம்பொண்ணு கெட்டிக்காரின்னு நினைச்சேனே" என்றாள். கெட்டிக்காரிதான். அதுதான் வினையாகப் போனது.

நான் நிஜமாகவே நம்பினேன் அக்கா. சத்தியமாக. அவள் படிக்கிறாள் என்றுதான் நம்பினேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதைச் சொல்லத்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

பாட்டுப் புத்தகத்தை மேஜையில் வைத்து ஒரு பக்கத்தைத் திறந்தேன். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றேன். தெரியவில்லை. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் விரலை எடுத்து ஓரமாக வைத்தாள், கரண்டியை நகர்த்துகிற மாதிரி. வரியின் தொடக்கத்தில் தன் விரலை வைத்தாள். மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். ஒரு குறிக்கு ஒரு அசை. விரல் குறியைத் தொடும்போது வாய் அசையைச் சொல்கிறது. நான் காட்டிய இடம் வந்ததும் நிறுத்தி, "யோர்தான்" என்று ஆற்றின் பெயரைச் சொன்னாள்.

பிறகு அந்தச் சொல்லையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பை காபி ஆறுகிற நேரம். திடீரென்று நூறு பக்கத்தைத் தள்ளித் திருப்பி, வேறு ஒரு பாட்டை முனகிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, "அப்பா, இங்கயும் அதேதான் இருக்கு பாருங்க! இதுவும் யோர்தான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்நூறு பக்கப் புத்தகம் அக்கா அது. முழுவதும் அவள் தலையில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும், ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு குறிக்குக் கீழேயும் அதற்குரிய அசை. அவளுக்குத் தேவையானதெல்லாம் இத்தனை வருஷமாக அவள் மடியில் திறந்து கிடந்திருக்கிறது. யாரும் விரலை வைக்கச் சொல்லவில்லை. எதன் முன்னாலோ தொப்பியைக் கழற்ற வேண்டும் போல இருந்தது, கழற்றவும் கழற்றினேன். ஜெனெல் சாட்சி.

நீ கேட்ட வரி இதோ: பார்த்தேன், நீ சொன்னது சரி. என்ன செய்வது என்று தெரியவில்லை. வந்து சொல்லிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்டதாக வைத்துக்கொள்.

ஹாய்ட்

*

டேட்டன்
20 ஜூன்

ஹாய்ட்,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது.

நான் செவ்வாய்க்கிழமை போன் செய்துவிட்டேன். பதினேழாம் தேதி, காலை பத்து மணிக்கு. நீ இதை எழுதிக்கொண்டிருந்தபோது.

உன் பெயர், ஜெனெல் பெயர், பிள்ளையின் பெயர், வயது, வழி எல்லாம் சொன்னேன். அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை, பாசமானவர்கள் என்றும் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "அத்தை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

இன்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி அழைத்தேன். வேண்டாம், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "தப்பாச் சொன்னீங்களாம்மா? இல்ல, சரியாச் சொல்லிட்டு வருத்தப்படறீங்களா?" என்று கேட்டாள். எழுதியதை அழிக்க முடியாதாம். ஒருவர் வருவாராம்.

அவள் யோர்தானைக் கண்டுபிடித்த இடத்தை ஐந்து தடவை படித்துவிட்டேன். வரவேண்டும் போல இருக்கிறது. இனி எந்த முகத்தோடு வருவது?

வெர்லீன்

*

9 ஜூலை

வெர்லீனுக்கு,

வந்தார்கள். இரண்டாம் தேதி. கார் சின்னது, சொந்தக் கார்.

திருமதி பெட்டிஃபோர்டு என்று பெயர். அறுபது இருக்கும். சபைக் காகிதத்தை நீட்டினேன். "இது கெட்டியான காகிதம்தான் சார், ஆனா இது பாடம் சொல்லிக் கொடுக்காதே" என்றார். உள்ளே கூட்டி வந்தேன். வேறு என்ன செய்ய?

சின்னப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம் ஒன்றை எடுத்தார். பூனை படம் போட்டது. திர்சாவுக்கு முதல் வரி தெரியவில்லை. இரண்டாவதும் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன், ஜெனெல் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அப்போது திர்சா, "எனக்குத் தெரிஞ்சதைக் காட்டட்டுமா?" என்று கேட்டு, உள்ளே போய் ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். பாட்டுப் புத்தகத்திலிருந்து விரல் வைத்துக் கண்டுபிடித்த சொல்லையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறாள், இரண்டே வாரத்தில். விரல் ஓட ஓட வாசித்தாள். "கல்லறை. சிங்காசனம். கரை. எக்காளம். நித்தியம்."

திருமதி பெட்டிஃபோர்டு கண்ணாடியைக் கழற்றினார். "பூனை தெரியல, நித்தியம் தெரியுதா?" என்றார்.

"பூனை எந்தப் பாட்டுலயும் வராது மேடம்" என்றாள் திர்சா.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அதற்காக என்மேலேயே கோபம் வந்தது. பிறகு எப்படி என்று காட்டச் சொன்னார். திர்சா பாடிக்கொண்டே விரலை நகர்த்தினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷமா வீடு வீடாப் போறேன் சார். இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல. நித்தியம் வாசிக்கிற பொண்ணுக்குப் பூனை வந்துடும். ஆனா தானா வராது." நூலகத்தில் வாரம் இரண்டு நாள் ஒரு டீச்சரம்மா வருகிறாராம், அவரிடம் போக வேண்டும். செப்டம்பரில் மறுபடி வருவார். அதுவரை கோப்பு திறந்தே இருக்கும். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யார் இவரை அனுப்பினார்கள் என்று திர்சா கேட்டாள். "எல்லா வீட்டுக்கும் வருவாங்க" என்றாள் ஜெனெல். நான் மறுக்கவில்லை. உனக்காக இல்லை. அவளுக்கு இருப்பதே ஒரு அத்தை.

செப்டம்பர் வரை ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் ஜெனெல் ஜன்னலுக்கு ஓடுவாள். அது நீ கொடுத்தது. ஆகஸ்டில் பாட்டுக் கூட்டத்துக்கு வருவாய். வா. நான் வரமாட்டேன்.

ஹாய்ட்

*

டேட்டன்
5 ஆகஸ்ட்

தம்பி,

கொட்டகையில் விசிறி பழுது, அதனால் நீ வரவில்லை என்று ஜெனெல் எல்லோரிடமும் சொன்னாள். நான்தான் அந்தப் பழுது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ அங்கே இருந்திருக்க வேண்டும். இல்லாததால் நான் எழுதுகிறேன். இதை யாராவது உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

காலையில் திர்சா வழக்கம்போல ஒரு பாட்டை நடத்தினாள். அதை விடு, அது உனக்குத் தெரிந்ததுதான். சாப்பாட்டுக்கு முன்னால், அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் படித்து ஒரு பாட்டுப் பாடுவார்களே, அந்த நேரம் வந்தது. பெயர் படிக்க வேண்டிய அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூட்டத்தை நடத்துகிற எல்பர்ட் டீன் சுற்றிப் பார்த்தார். "திர்சா, நீ வாம்மா. உன் குரல்தான் கணீர்னு இருக்கு" என்று தாளை அவள் கையில் கொடுத்துவிட்டார். படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. ஏன் கேட்பார்? அரை மணி முன்னால்தான் புத்தகத்தோடு நின்றாள்.

ஒன்பது பெயர், ஹாய்ட். ஒன்றுகூடப் பாட்டுப் புத்தகத்தில் கிடையாது.

நான் பெஞ்சில் பாதி எழுந்துவிட்டேன். அந்த ஒன்பதில் ஏழு பேரை எனக்குத் தெரியும். அவள் என்னிடமிருந்து நாலு எட்டு தூரத்தில் நிற்கிறாள். முணுமுணுத்தால் போதும், கேட்டுச் சொல்லிவிடுவாள். என் உதடு அசைந்தேவிட்டது. எதிர்ப் பெஞ்சிலிருந்து ஜெனெல் என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து என் பக்கமே திரும்பாதவள், நேராகப் பார்த்துத் தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள். வேண்டாம் என்று. உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

திர்சா தாளின்மேல் விரலை வைத்தாள். "ஆர்…" என்றாள். நின்றாள். "ஆர்…ஃபா." மூச்சு விட்டாள். "ஸ்டை…ல்ஸ்." ஒரு பெயருக்கு ஒரு முழுப் பாட்டுப் பாடுகிற நேரம் ஆனது. யாரோ இருமினார்கள். இரண்டாவது பெயர் இன்னும் மெதுவாக வந்தது. மூன்றாவதற்குள் விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. அவள் எழுத்துக்கூட்டுகிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. இறந்தவர்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும் போல, இத்தனை நாள் நாம் அவசரப்பட்டுவிட்டோம் போல, எல்லோரும் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

நாலாவது பெயர் க்ளோவிஸ் ஹெம்ப்ரீ. அவர் மனைவி முன்வரிசையில் இருந்தாள், போன மாதம்தான் அடக்கம் ஆனது. திர்சா "க்" என்று ஆரம்பித்தாள். வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கிறாள், சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவருக்குக் காத்திருப்பது போல. "க்ளோ… க்ளோவிஸ்" என்று வந்தது. "ஹெம்ப்… ரீ." அந்த அம்மா சத்தமாக, "ஆமா" என்றாள். "ஆமா, அவர்தான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயர் முழுசாக வரும்போதும் எங்கிருந்தாவது ஒரு குரல் "ஆமா" என்றது. யாரும் சொல்லிவைக்கவில்லை.

வழக்கமாக ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. கால் மணி நேரம் ஆனது. நாற்பது வருஷமாக இந்தப் பெயர் வாசிப்பைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெயரும் இத்தனை நீளமானது என்று எனக்குத் தெரியாது. எழுத்து என்றால் என்ன என்று இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ஒரு தாளில் கறுப்பாக ஏதோ கிடக்கிறது. ஒரு பிள்ளை அதைத் தொட்டுத் தொட்டுப் போகிறாள். இல்லாமல் போன ஒரு ஆள் எழுந்து வந்து நிற்கிறார்.

சாப்பாட்டு மேஜையில், பொரித்த கோழியும் சோள ரொட்டியுமாக எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். என்னிடம் ஓடி வந்து காதில், "அத்தை, ஏழாவது பேர் தப்பாச் சொல்லிட்டேன்ல?" என்றாள். "ஆமா, தப்புத்தான்" என்றேன். "அவங்க கோச்சுக்குவாங்களா?" "நாளைக்கு அவங்க கல்லறைக்குப் போய்ச் சரியாப் படிச்சுக் காட்டு, கேட்டுக்குவாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். நான் கிளம்பும்போது அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்தது அவளுக்குத் தெரியாதே.

நான் செய்ததை நீ திர்சாவிடம் மறைத்து வைத்திருக்கிறாய். அது எனக்குத் தேவையில்லை என்று சொல்லும் தைரியம் அன்று வரவில்லை, இன்று எழுதுகிறேன். புகார் கொடுத்தவள் நான். ஜெனெல் ஜன்னலுக்கு ஓடுவதற்கும் நான்தான் காரணம். வருத்தப்படுகிறேனா என்றால், தினமும். மறுபடி அதே நிலைமை வந்தால் செய்வாயா என்று நீ கேட்டால், செய்வேன். இரண்டும் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. நீயும் நானும் மாதிரி.

வெர்லீன்

*

19 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். க்ளோவிஸ் ஹெம்ப்ரீ வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. கோழிகள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் அங்கே இருந்திருக்க வேண்டும். என் வீம்பு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி திருமதி பெட்டிஃபோர்டு வருகிறார். நூலகத்துக்குத் தவறாமல் போகிறோம். பூனை வந்துவிட்டது. நாய், பால், சாக்ஸ் எல்லாம் வந்துவிட்டன. ஜெனெல் இன்னும் ஜன்னலுக்கு ஓடுகிறாள். உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று இதைப் படிக்காதே. அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதத்தோடு வீட்டுக்குள் வந்தபோது திர்சா, "அத்தை என்னைப் பத்தி எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படித்துக் காட்ட உட்கார்ந்தேன். தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம்ப்பா. நானே படிக்கறேன். அத்தை எழுத்து அச்சு மாதிரிதானே இருக்கு." கடைசித் தாள் இன்னும் என் கையில் இருந்தது. ஜெனெல் என்னைப் பார்த்தாள். "அதைக் குடுக்காதீங்க" என்று கண்ணாலேயே சொன்னாள். பையில் வைத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. மறைத்து மறைத்து நாம் வளர்ந்த கதை எனக்குப் போதும். மற்றத் தாள்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பது நாளாகப் படிக்கிறாள். தினமும் ஒரு பத்தி, சில நாள் இரண்டு. தன்னைப் பற்றி வந்த இடத்தில் சிரித்தாள். "கால் மணி நேரமா ஆச்சு? எனக்கு ஒரு நிமிஷம் மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

இன்று காலை கடைசித் தாளோடு கொட்டகைக்கே வந்துவிட்டாள். ஒரு சொல்லுக்குக் கீழே விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றாள். பார்த்தேன். 'புகார்' என்று இருந்தது. விசிறிச் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். மறுபடி கேட்டாள்.

"நீயே படிம்மா" என்றேன்.

கொட்டகை வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். உதடு அசைவது இங்கிருந்தே தெரிகிறது. நான் தீவன மூட்டைமேல் தாளை வைத்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் எழுத்தைப் பிடித்துவிட்டாள். அந்த வரியின் கடைசிச் சொல் 'நான்'. அது பாட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல், அக்கா. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஹாய்ட்